கத்தியின் வாய் அறிந்து தீட்டுவோம்

இடம்பெயர்ந்த குடும்பத்தின் கையில் மிஞ்சுவது பல வேளைகளில் ஒரேயொரு கத்திதான். அதனாலேயே மீன் வெட்டுகிறோம். கொட்டில் போடத் தடியும் வெட்டுகிறோம். சில நாட்களில் வாய் மழுங்குகிறது, அல்லது பல் விழுகிறது. உடனே "இரும்பு கூடாது" என்கிறோம். ஆனால், வேலைக்குப் பொருந்தாத சரிவில் தீட்டினால் நல்ல இரும்பும் பழுதாகும்.

வாயின் வகைகள்

முதுகிலிருந்து வாய்வரை அலகு எப்படி மெலிகிறது என்பதை அவதானியுங்கள்.

1. தட்டைச் சரிவு: ஆப்புப் போல் நேராக மெலியும். மரக்கறி, மீன் வெட்ட ஏற்றது.

2. குழிந்த சரிவு: இரு பக்கமும் உட்குழிந்திருக்கும். சவரக்கத்தி இவ்வகை. மிகக் கூரானது, தடியில் கொத்தினால் உடையும்.

3. புடைத்த சரிவு: கோடரியில் காணலாம். வாய்க்குப் பின்னால் இரும்பு தடிப்பாக இருப்பதால் அடியைத் தாங்கும். விறகில் இறுகாமல் பிளக்கும்.

4. ஒருபக்கச் சரிவு: உளியில் காணலாம். சரிவான பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தில் பிசிறை மட்டும் எடுக்கவேண்டும்.

எவ்வளவு சரிப்பது?

இதற்குக் கருவி தேவையில்லை. கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, அலகின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு முதுகை உயர்த்துங்கள். இது ஏறத்தாழ 20 பாகை. சமையல் வேலைக்குப் போதும். அகலத்தின் பாதியளவு உயர்த்தினால் 30 பாகை; பற்றை வெட்டவும் விறகு கொத்தவும் இது ஏற்றது. அலகு 6 சென்ரிமீற்றர் அகலமானால், உயர்த்தவேண்டியது முறையே 2, 3 சென்ரிமீற்றர்.

ஒரே கத்தி உள்ளவர்கள்

பிடியை அடுத்த மூன்றிலொரு பங்கை 20 பாகையில் தீட்டி, அரியவும் சீவவும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை 30 பாகையில் தீட்டிக் கொத்தப் பாவியுங்கள். ஒரே அலகு இரு வேலைக்கும் உதவும்.

தீட்டும்போது கவனிக்க

• கல்லை நனைத்து, மறுபக்கத்தில் வாய் நெடுகப் பிசிறு தட்டுப்படும்வரை தீட்டுங்கள். பின்னர் பக்கத்தை மாற்றுங்கள். இறுதியில் இரு பக்கமும் மாறிமாறி மெதுவாகத் தேய்த்துப் பிசிறை நீக்குங்கள்.

• பிசிறைப் பார்க்க, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக விரலால் தடவுங்கள். வாயின் வழியே விரலை ஓட்டவேண்டாம்.

• மின்சாணையில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். வாய் நீலம் பாய்ந்தால் கொல்லர் கொடுத்த தோய்ச்சல் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது.

• வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் பூசி, வாயைத் துணியால் சுற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கூடிப் பேச

அடுத்த கூட்டத்திற்கு வீட்டிலுள்ள கத்தி, கோடரி, உளியை எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றின் வாயும் எவ்வகை? அது இப்போது செய்யும் வேலைக்குப் பொருந்துகிறதா?