கார்க் கதவின் கைத்தாங்கிக்குப் புதிய உறை



தையல் வகுப்பில் நாம் ஜாக்கெட் வெட்டுகிறோம், தலையணை உறை தைக்கிறோம், கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போடுகிறோம். இவையெல்லாம் வீட்டுக்குள் மட்டும் பயன்படும் கல்வி என்று எண்ணுவோர் உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய அம்பாசிடர் கார். அதன் முன் கதவுகள் இரண்டிலும் உள்ள கைத்தாங்கிகளுக்குப் புதிய உறை போட்ட அனுபவத்தையே இங்கே பாடமாகத் தருகிறேன். கைத்தாங்கி என்பது, அமர்ந்திருப்பவர் கையை ஊன்றிக்கொள்ளக் கதவின் உட்புறம் பொருத்தியிருக்கும் மெத்தை வைத்த பகுதி. கடைக்காரர்கள் அதை ஆர்ம் ரெஸ்ட் என்பார்கள்.

என் தந்தையார் கோவையில் வாடகைக் கார் ஓட்டியவர். பொள்ளாச்சி, பழநி, மேட்டுப்பாளையம், ஊட்டி என்று அந்தக் கார் போகாத ஊர் இல்லை. எங்கள் பள்ளிக் கட்டணம் அதன் சம்பாத்தியத்திலிருந்தே வந்தது. முதுமையில் அவர் ஓட்டுவதை நிறுத்தினார். ஆனால் காரை விற்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி ஓட்ட, அவர் பக்கத்தில் அமர்ந்து கோவிலுக்கு வருவார். வயதானவர்களின் தோல் மிக மெல்லியது. வெடித்துக் காய்ந்திருந்த உறையின் விளிம்பு ஒரு நாள் அவர் முழங்கையைக் கீறிவிட்டது. சட்டைக் கை முழுவதும் இரத்தம்.

மறுநாளே குஷன் வேலை செய்யும் ஒரு கடைக்குப் போனோம். "கதவு பேடையே மாத்தோணுமுங்க. ஆனா இந்த வண்டிக்குப் புதுசு கிடைக்காதுங்க டீச்சர்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. பழைய சாமான் கடைகளில் தேடினால், நம்முடையதைப்போலவே வெடித்த பேடுதான் கிடைத்தது. "உறையை மட்டும் மாற்ற முடியாதா?" என்று கேட்டேன். "சின்ன வேலைங்க, கூலி கட்டாதுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் தையல் இயந்திரத்தின் மூடியைத் திறந்தேன்.

உறை ஏன் வெடிக்கிறது?

மருந்து கொடுக்குமுன் நோயை அறிய வேண்டும் அல்லவா? கைத்தாங்கியைப் போர்த்தியிருப்பது ரெக்சின். அது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைடு என்னும் ஊரில் செய்யப்பட்ட செயற்கைத் தோலின் வணிகப் பெயர். அக்காலத்தில் பருத்தித் துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைப் பூசி அதைச் செய்தார்கள். இன்று நாம் ரெக்சின் என்று வாங்குவது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி.

பி.வி.சி. இயல்பில் கடினமானது. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருள்தான். அதனுடன் எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்விப்பானைச் சேர்த்தால் அது மென்மையாகிவிடும். இதை 1926இல் கண்டறிந்தவர் அமெரிக்க வேதியியலறிஞர் வால்டோ செமன். இரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையைத் தேடிய அவருக்கு, வளைந்து கொடுக்கும் புதுப்பொருள் ஒன்று கிடைத்தது!

இந்த நெகிழ்விப்பான் ரெக்சினில் என்றென்றும் தங்குவதில்லை. வெப்பம் பட்டால் சிறிது சிறிதாக வெளியேறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் ஊரைக் குளிர்விக்கிறது என்று பெருமைப்படுகிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தக் காற்று எப்படி நுழையும்? உள்ளே வெளியைவிடப் பன்மடங்கு புழுக்கம். அதோடு சூரிய ஒளி, வியர்வை, கையிலும் தலையிலும் தேய்த்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து உறையைக் கெடுக்கின்றன. நெகிழ்விப்பானை இழந்த ரெக்சின் சுருங்கி, விறைத்து, முழங்கை அழுந்தும் இடத்தில் வெடிக்கிறது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், பெரும்பாலும் அவர் பக்கத்து வலக் கதவின் உறையே முதலில் கெடும்.

ஆகவே, வெடிப்பின் மேல் ஒட்டுப் போடுவதில் பயனில்லை. கிழிந்த பாவாடையில் ஒட்டைச் சுற்றியுள்ள துணி வலுவாக இருக்கும். வெடித்த உறையிலோ சுற்றியுள்ள பகுதியும் காய்ந்தே இருக்கும். உறை முழுவதையும் மாற்றுவதே சரி.

பிரிப்பதற்கு அஞ்சாதீர்கள்

நம் கோவையின் ஜி.டி. நாயுடு அவர்கள் (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டார் என்பது நாம் அறிந்த செய்தி. பிற்காலத்தில் மோட்டார்களையே செய்த மனிதர் அவர். பொறுமையாகக் கழற்றியதைப் பொறுமையாகப் பூட்டலாம். வரிசையை மறவாதிருந்தால் போதும்.

தேவையான பொருள்கள்: ரெக்சின் அரை மீட்டர், அரை அங்குலக் கனமுள்ள ஃபோம், இரப்பர் வகைப் பசை (ஃபெவிகால் எஸ்.ஆர். போன்றது), திருப்புளி, கத்தரிக்கோல், சுண்ணக்கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகள், பாலியெஸ்டர் நூல்.

1. ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும் பிரியுங்கள். மற்றது மாதிரியாக இருக்கும். எங்கள் காரில் கைத்தாங்கியின் அடிப்புறம் இரண்டு திருகுகள் இருந்தன. சில கார்களில் திருகின் மேல் சிறு மூடி இருக்கும். கழற்றிய திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கதவு என்று சீட்டு எழுதி வையுங்கள்.

2. பழைய உறையைக் கிழிக்காமல் மெல்ல உரியுங்கள். அதுவே நமக்கு மாதிரித் துண்டு. முன்பக்கம், மேல்பக்கம் எது என்று அதன் மேல் குறித்துக்கொள்ளுங்கள்.

3. உள்ளே இருக்கும் ஃபோமைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தால், முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய ஃபோம் ஒட்டுங்கள். அதன் ஓரங்களைச் சாய்வாக வெட்டினால் உறையின் மேல் மேடு தெரியாது.

4. மாதிரியைப் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டுங்கள். பழைய உறை சுருங்கியது என்பதை நினைவில் வையுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் கூட்டுங்கள். பின்பக்கம் இழுத்து மடித்து ஒட்ட மேலும் ஓர் அங்குலம் விடுங்கள். தைக்கும் ஓரங்களில் வழக்கம்போலத் தையலுக்கு இடம் விடுங்கள்.

5. ரெக்சினை இரு திசைகளிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் அதிகம் நீளும். அத்திசை கைத்தாங்கியின் வளைவைச் சுற்றி வரும்படி வைத்து வெட்டினால் சுருக்கம் விழாது.

6. ரெக்சினில் குண்டூசி குத்தக் கூடாது. துணியில் ஊசி போன வழி மறையும். ரெக்சினில் துளை என்றும் நிற்கும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். இயந்திரத்தில் 16ஆம் எண் ஊசியோ 18ஆம் எண் ஊசியோ வேண்டும். தையலை நீளமாக வையுங்கள். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் போதும். நெருக்கித் தைத்தால் தபால்தலையின் ஓரத் துளைகளைப்போல, தைத்த இடத்திலேயே பிரிந்துவிடும். இயந்திரத்தின் பாதம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், ரெக்சினின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுங்கள். இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவராதீர்கள்.

7. பசையைத் தளத்திலும் உறையின் பின்புறத்திலுமாக இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு ஒட்டினால் ஓரங்கள் பிறகு எழும்பிவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போங்கள். குழிந்த வளைவில் சிறு வெட்டுகளும், புடைத்த வளைவில் ஆங்கில 'வி' வடிவ வெட்டுகளும் கொடுத்து மடியுங்கள். கழுத்துப் பட்டிக்கு நாம் செய்வதும் இதுவே! வெட்டு விளிம்பைத் தொடாமல் நிற்க வேண்டும்.

8. திரும்பப் பூட்டும்போது எல்லாத் திருகுகளையும் முதலில் பாதி அளவு ஏற்றுங்கள். பொருத்தம் பார்த்தபின் இறுக்குங்கள்.

சில எச்சரிக்கைகள்

இந்தப் பசையின் ஆவி தலைசுற்றலை உண்டாக்கும், தீயும் பற்றும். எனவே திறந்த வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில், பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதே வேலை செய்யுங்கள். கண்ணாடி ஏற்ற மின் விசை உள்ள கதவுகளில் கம்பிகள் ஓடும். புதிய கார்கள் சிலவற்றில் விபத்தின்போது விரியும் காற்றுப்பைகளும் பக்கவாட்டில் உண்டு. அத்தகைய கதவுகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள்; வீட்டில் கை வைக்காதீர்கள்.

புதிய உறையைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள். அவை நெகிழ்விப்பானைக் கரைத்து எடுத்துவிடும். மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். காரை நிழலில் நிறுத்துவது அதைவிட நல்லது.

நான் செய்த பிழை

ஆசிரியை என்பதால் முதல் முறையிலேயே சரியாகச் செய்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். காகித மாதிரியைத் திருப்பிப் போடாமல், வைத்த பக்கமே இருமுறை வைத்து வெட்டிவிட்டேன். இரு புறமும் ஒன்றாயிருக்கும் பருத்தித் துணியானால் திருப்பித் தைத்துத் தப்பித்திருப்பேன். ரெக்சினுக்கு முகம் ஒரு பக்கம்தான். தைத்து முடித்துக் கொண்டு போனால், இரண்டும் வலக் கதவுக்கு உரியவை! ஜாக்கெட்டுக்கு இரண்டு வலக் கைகளை வெட்டிய மாணவியரை நான் எத்தனை முறை கடிந்துகொண்டிருக்கிறேன்!

திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தந்தையார், "ஏன் அம்மிணி, அப்பனுக்கு ரெண்டு சோத்தாங்கையா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மிஞ்சிய ரெக்சினில் இடப்பக்கத்துக்கு மறுபடி வெட்டினேன். வீணான துண்டில் அவருடைய மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பை தைத்தேன்.

அடுத்த ஞாயிறு கோவிலுக்குப் புறப்பட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் புதிய உறையின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வழி முழுவதும் கை அங்கேயே இருந்தது. இன்று அவர் இல்லை. கார் இருக்கிறது, உறையும் வெடிக்காமல் இருக்கிறது.

அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது, வெளிப்புறப் பளபளப்பை மட்டும் பார்த்து வராதீர்கள். முடிந்தால் கதவுகளின் உட்புறத்தையும் எட்டிப் பாருங்கள். எங்கே தையல், எங்கே மடிப்பு, எங்கே ஆணி என்று தேடுங்கள். உங்கள் ஊசி அறிந்த வேலைகள் பல அங்கே இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பொருள் பழுதானால், "அது ஆண்கள் வேலை" என்று மகளை விலக்காதீர்கள். திருப்புளியை அவள் கையிலும் கொடுங்கள். ஒரு முறை தவறாக வெட்டுவாள். மறுமுறை சரியாக வெட்டுவாள்.

செய்து பார்க்க:
(அ) உங்கள் வீட்டில் வெடித்த ரெக்சின் உள்ள ஒரு பொருளைத் தேடுங்கள். வெயிலா, வியர்வையா, எண்ணெயா – எது காரணம் என்று எழுதுங்கள்.
(ஆ) ஒரு மேசைக் கைப்பிடிக்கோ சைக்கிள் இருக்கைக்கோ காகித மாதிரி வரையுங்கள்.
(இ) வலக் கைக்கும் இடக் கைக்கும் ஒரே மாதிரியைப் பயன்படுத்தி, பிழையின்றி வெட்டிக் காட்டுங்கள்.