நெஞ்செரிச்சல் மாத்திரையும் மரத்துப்போகும் பாதமும்

தைப்பிங் வட்டார ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் பலர், விடியுமுன்னே ஒரு குவளைக் கோப்பியைக் குடித்துவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்றவர்கள். இன்று அவர்களில் சிலருடைய மருந்துப் பையில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு ஒமெப்பிரசோலும் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கான மருந்து அது.

இரைப்பைச் சுவரில் உள்ள நுண்ணிய செல்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. அச்சுரப்பை ஒமெப்பிரசோல் பெருமளவு தடுக்கிறது. 1988இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து பலரின் இரைப்பைப் புண்ணை ஆற்றியுள்ளது. சில வாரங்கள் மட்டும் உண்பவருக்குப் பெரும்பாலும் தலைவலி, வயிற்றுப்போக்கு போன்ற சிறு தொல்லைகளே ஏற்படும். ஆண்டுக்கணக்கில் உண்ணும்போதுதான் கவனம் தேவை.

உணவிலுள்ள வைட்டமின் பி12 சத்தைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். அமிலம் குறைந்தால் அச்சத்து உடலில் சேர்வதும் குறையும். கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரிவதில்லை. பின்னர் பாதம் மரத்துப்போகும், நடை தடுமாறும், மறதியும் சோர்வும் கூடும். இவற்றைக் காணும் குடும்பத்தார், “வயசாயிருச்சு” என்று விட்டுவிடுவதுண்டு. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபோர்மினும் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. இரண்டையும் உண்பவர், அதிலும் சைவ உணவினர், கூடுதல் விழிப்புடன் இருக்கவேண்டும். ஓர் இரத்தப் பரிசோதனையிலேயே குறைபாட்டைக் கண்டறியலாம். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு முழுமையாகச் சரியாகாமலும் போகலாம்.

எலும்பு முறிவு, மெக்னீசியக் குறைவு ஆகியவை குறித்தும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010, 2011ஆம் ஆண்டுகளில் எச்சரித்தது.

இதைப் படித்தவுடன் தாத்தாவின் மாத்திரையை ஒளித்துவைக்கலாமா? கூடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் உண்பவருக்கு, இரைப்பையில் இரத்தக்கசிவு வராமல் காக்கவும் இம்மருந்து தரப்படுகிறது. மேலும், நெடுநாள் உண்டதைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னைவிட மிகுதியாகச் சுரக்கும். சில வாரங்களில் தணியக்கூடிய இந்த எரிச்சலைப் பழைய நோயென எண்ணி மீண்டும் மாத்திரையைத் தொடங்குவோர் உண்டு. எனவே, மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

மருத்துவரைக் காணச் செல்லும்போது நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லலாம். எந்த மருந்தை எப்போது தொடங்கினார், தொல்லை எப்போது வந்தது என்பதையும் குறித்துக்கொண்டால் நல்லது. பக்கவிளைவு என்ற ஐயம் எழுந்தால் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்குப் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.