கேட்டதையே திருப்பிச் சொல்லும் குழந்தை



"தண்ணி வேணுமா?" என்று கேட்டால், சில குழந்தைகள் "வேணும்" என்று சொல்லாமல் "தண்ணி வேணுமா?" என்றே திருப்பிச் சொல்லும. தாகம் எடுக்கும்போதும் நம்மிடம் வந்து "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்கும். "கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாதே" என்று நாமும் அதட்டிவிடுகிறோம்.

பேசப் பழகும் குழந்தைகள் பலரும் கொஞ்ச நாள் இப்படிச் சொல்வதுண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இது நீண்ட நாள் தொடரும். 1943-லேயே அமெரிக்காவில் டாக்டர் லியோ கேனர், தாம் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதும்போது இதைக் குறிப்பிட்டார்.

ஏன் இப்படி?

தண்ணி கொடுக்கும்போதெல்லாம் நாம் அந்தக் கேள்வியைத்தானே கேட்கிறோம்? அதைச் சொன்னால் தண்ணி கிடைக்கும் என்று குழந்தை முழு வாக்கியமாகப் பிடித்துக்கொள்கிறது. மேலும் 'நான்', 'நீ' என்பவை பேசுகிற ஆளைப் பொறுத்து மாறும் சொற்கள். தமிழில் 'வந்தேன்', 'வந்தே' என்று வினையும் கூடவே மாறும். இது பிடிபட நாளாகும். ஆகவே திருப்பிச் சொல்வது குறும்பு அல்ல, அதுவும் பேச்சுதான்.

நாம் என்ன செய்யலாம்?

* கேள்வியைக் குறைத்து, குழந்தை சொல்ல வேண்டியதை நாமே சொல்லிக் காட்டுவோம். டம்ளரைக் காட்டி, "எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லி, உடனே கொடுப்போம்.
* "பால்" என்றால் "பால் வேணும்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்வோம்.
* சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருப்போம். பதில் வர நேரமாகும்.
* கை காட்டினாலும் படத்தைத் தொட்டாலும் ஏற்றுக்கொள்வோம். சைகையால் பேச்சு நின்றுபோகாது.

எப்போது காட்ட வேண்டும்?

ஒரு வயதில் கை நீட்டிக் காட்டாவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டால், 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொந்தமாகப் பேசாவிட்டால், பேசிய பேச்சு நின்றுபோனால் தாமதிக்கக் கூடாது. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று இருந்துவிட வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடி ஆசிரியையிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொன்னால், மாவட்ட அளவிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டுவார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆட்டிசம் தாயின் வளர்ப்பால் வருவதல்ல. நம் குழுவில் இப்படி ஒரு தாய் இருந்தால் அவரைக் குறை பேச வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஒருவர் துணைக்குப் போவோம்.