நம் ஆங்கிலத்தை நாமே திருத்துவோம்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

‘எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பது பழமொழி. ஓலையைப் பார்த்து ஓலை எழுதிய காலத்துச் சொல் அது. ஆனால் அச்சு வந்த பிறகும் அதன் உண்மை குறையவில்லை. 1631ஆம் ஆண்டு லண்டனில் அச்சான ஓர் ஆங்கில விவிலியப் பதிப்பில், பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் ‘நாட்’ என்னும் சிறு சொல் விடுபட்டுப் போயிற்று. ‘விபசாரம் செய்யாதே’ என்ற கட்டளை ‘விபசாரம் செய்’ என்றாகிவிட்டது! அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! நம் பிழைகளுக்கு எவரும் அபராதம் விதிப்பதில்லை. ஆனால் இழப்பு உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கிறோம், உதவித்தொகை கேட்டு எழுதுகிறோம். அதைப் பிரித்துப் படிப்பவர் நம் முகத்தையோ உழைப்பையோ காண்பதில்லை. தாளை மட்டுமே காண்கிறார். படித்தவர்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அண்ணனோ மாமாவோ ஒருமுறை பார்த்துத் தருவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் தெருவே என்னிடம்தான் கொண்டுவருகிறது. நான் எழுதியதைத் திருத்த வீட்டில் ஆள் ஏது? நம் கல்லூரியில் பலரின் நிலை இதுவே. எனவே திருத்தும் கலையை நாமே கற்றாக வேண்டும்.

பிழை எங்கிருந்து வருகிறது?

நாம் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை விதி தெரியாமல் வருபவை அல்ல. தனியே கேட்டால் விதியைச் சரியாகவே சொல்வோம். எழுதும்போது மனம் தமிழில் ஓடுகிறது. கை ஆங்கிலத்தில் ஓடுகிறது. தமிழ் இலக்கணம் ஆங்கிலச் சொற்களுக்குள் புகுந்து கொள்கிறது. இது தமிழின் குறையும் அன்று, நம் அறிவின் குறையும் அன்று. புகும் வாயில்களைத் தெரிந்து கொண்டால் காவல் வைப்பது எளிது.

முதல் வாயில், வினைச்சொல். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் எனத் தமிழில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விகுதி உண்டு. ஆங்கிலத்திலோ நிகழ்காலத்தில் ‘ஹீ, ஷீ, இட்’ ஆகியவற்றுக்கு மட்டும் ஓர் ‘எஸ்’. பந்தி முழுவதற்கும் பரிமாறிப் பழகிய நாம் அந்த ஒரே இலையை மறந்து, ‘ஹீ கோ’ என்று எழுதிவிடுகிறோம். ‘டிட் நாட் வென்ட்’ என்பதும் இவ்வகையே. ‘டிட்’ இறந்தகாலத்தைக் காட்டிவிட்ட பிறகு ‘கோ’ என்பதே போதும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. ‘மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம்’ என்ற எண்ணத்தில் ‘ரீச்டு டு மதுரை’ என்கிறோம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பது ‘டிஸ்கஸ்டு அபவுட்’ ஆகிறது. ‘ரீச்டு மதுரை’, ‘டிஸ்கஸ்டு த மேட்டர்’ என்பவையே சரி.

மூன்றாவது, எண். ‘நான்கு மாடு’ என்றால் தமிழ்ப் பேச்சில் குற்றமில்லை. ஆங்கிலத்தில் பன்மை கட்டாயம். ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்’ என்பதில் கடைசி ‘எஸ்’ விடுபடக் கூடாது. மாறாக, ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவற்றுக்கு ‘எஸ்’ சேர்க்கவே கூடாது. அறிவியல் மாணவர்களின் செய்முறை ஏடுகளில் ‘எக்விப்மென்ட்ஸ்’ அடிக்கடி தலைகாட்டும்!

நான்காவது, ‘ஏ, ஆன், தி’. ‘தி’ என்பதற்கு இணையான தனிச்சொல் தமிழில் இல்லாததால் அது எளிதில் விடுபடுகிறது. ‘ஏ, ஆன்’ வேறுபாட்டுக்கோ தமிழே துணை நிற்கும். ‘ஒரு மரம், ஓர் ஊர்’ என்கிறோம் அல்லவா? உயிரொலிக்கு முன் ‘ஓர்’ வருவதுபோல் அங்கே ‘ஆன்’ வரும். ஒலியைப் பார்க்க வேண்டும், எழுத்தை அன்று. ‘ஹவர்’ என்பது ‘எச்’சில் தொடங்கினாலும் ஒலிப்பது ‘அவர்’ என்றே. ஆகவே ‘ஆன் ஹவர்’. ‘யூனிவர்சிட்டி’ ‘யூ’ என்னும் உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலியில் யகர மெய் முன் நிற்கிறது. ஆகவே ‘ஏ யூனிவர்சிட்டி’.

ஐந்தாவது, ‘தோ’வும் ‘பட்’டும் ஒரே வாக்கியத்தில் கூடுவது. ‘மழை பெய்தாலும் ஆனால் அவன் வந்தான்’ என்று தமிழில் எவரேனும் எழுதுவாரா? அங்கும் ஒன்று போதும்.

திருத்தும் முறை

எழுதி முடித்தவுடன் படித்தால் பிழை தெரியாது. தாளில் இருப்பதை விடுத்து மனத்தில் இருப்பதையே கண் படிக்கும். ஆகவே ஓர் இரவு கழித்துப் படியுங்கள். தேர்வுக் கூடத்தில் அது இயலாது. கடைசிப் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குங்கள்.

எல்லாப் பிழைகளையும் ஒரே வாசிப்பில் தேடாதீர்கள். களை எடுப்பவர் பாத்தி பாத்தியாகப் போவதுபோல், ஒரு வாசிப்புக்கு ஒரு பிழை என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று கேளுங்கள். அடுத்து, பெயர்ச்சொற்களில் ஒருமை, பன்மை, முன்னே ‘ஏ, தி’ ஆகியவற்றைப் பாருங்கள். பின்னர் வாய்விட்டுப் படியுங்கள். விடுபட்ட சொல்லைக் காது பிடித்துவிடும். இறுதியில் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல் வரை பின்னோக்கிப் படியுங்கள். பொருள் இழுத்துச் செல்லாததால் எழுத்துப் பிழை தனித்துத் தெரியும்.

கணினி பார்த்துக் கொள்ளும் என்று சிலர் கூறலாம். ‘ஃப்ரம்’ எழுத வேண்டிய இடத்தில் ‘ஃபார்ம்’ என்று இருந்தால், இரண்டும் அகராதிச் சொற்களே ஆதலால், எழுத்துப் பிழையைத் தேடும் கருவி பேசாமல் போய்விடக்கூடும். மேலும், தேர்வுக் கூடத்துக்குள் கணினி நம்முடன் வருவதில்லை.

பேராசிரியர்கள் சிவப்பு மையால் சுழித்துத் தரும் பிழைகளை நான் ஒரு சிறு நோட்டில் குறித்து வருகிறேன். நூறு விதமான பிழைகளை எவரும் செய்வதில்லை. ஏழெட்டுப் பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த ஏழெட்டும் ஒருவருக்கொருவர் வேறுபடும். நீங்களும் உங்கள் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். அடுத்த விண்ணப்பத்தை உறையிலிட்டு ஒட்டுமுன் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள். பார்த்துத் தர ஆளில்லை என்ற குறை அன்றே பாதி தீரும்.