புவியியல் படித்த தங்கவயல் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் எம்.எஸ்சி. திட்ட அறிக்கையும் வந்து சேர்ந்தன. வேலைவாய்ப்புத் தளங்களில் ‘புவியியல்’ என்று தேடினால் பள்ளி ஆசிரியர் வேலையைத் தவிர ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். “பேசாம இன்ஜினியரிங் சேர்ந்திருக்கலாம்” என்று வீட்டில் பேச்சு வேறு. எனக்கும் அதே ஊர், அதே பட்டம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயரில் தேடுவதை விடு. சட்டம் படித்தவர் வக்கீல், மருத்துவம் படித்தவர் டாக்டர். நம் படிப்போடு அப்படி ஒரு தொழிற்பெயர் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஜி.ஐ.எஸ். அனலிஸ்ட், நிலப் பயன்பாட்டு நிபுணர், நகரத் திட்ட உதவியாளர், பேரிடர் மேலாண்மை ஆலோசகர், டெலிவரி கம்பெனியில் லொகேஷன் டீம் என்று வெவ்வேறு பெயர்களில் நம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் 1986இல் வாங்கிய பட்டம் புவியியல்தான். பிரிட்டன் பிரதமராக இருந்த தெரசா மே ஆக்ஸ்போர்டில் படித்ததும் அதுவே. இவர்களைச் சொல்லி வீட்டில் சமாளிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய ஆள் ஜான் வாரன். 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினென்ட். எல்லைக்கல் நடுவதோடு அவர் வேலை முடிந்திருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று காதில் விழுந்த பேச்சை அவர் தட்டிவிடவில்லை. கிராமத்தாரை வரச்சொல்லி, தன் கண் முன்னே மண்ணை அலசவைத்துப் பார்த்து எழுதிவைத்தார். எழுபது ஆண்டு கழித்து, தங்கம் தேடிய லவெல் என்பவரை இங்கே இழுத்து வந்தது அந்த எழுத்துதான். வாரனின் கதை அதோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்புக்குப் போனார். 1825இல் ‘காலசங்கலிதம்’ என்று தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்கு பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை நேரில் பார்த்துக் குறித்துவைத்தவரும் அவர்தான். எல்லை, தங்கம், வானம், பஞ்சாங்கம் என்று ஒரே மனிதர் இத்தனை வேலை பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் அவர் கையாண்ட முறை ஒன்றே: நேரில் போய்ப் பார்ப்பது, உள்ளூர்க்காரரிடம் கேட்பது, அளந்து எழுதுவது. நம் தொழில் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் நாற்காலியின் பெயர்.

நீ வளர்ந்த இடமே நல்ல பாடப்புத்தகம். தங்கம் மட்டும்தான் இங்கே இருந்தது, மற்ற எல்லாமே வெளியிலிருந்து வந்தன. 1902இல் காவிரிச் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்துக் கரண்ட் கொண்டுவந்தார்கள். குடிநீர் பாலாற்றுப் பேத்தமங்கலத்திலிருந்து வந்தது. ஆட்கள் வடாற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் வந்து தொழிலாளர் லைன் வீடுகளில் அடைந்தார்கள். நம் தாத்தாக்கள் அவர்களில் சிலர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாவற்றையும் மூடினார்கள். அதன் பிறகு வெளியே போவது நாம்தான், விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறி. ஒரு வளத்தைச் சுற்றி ஊர் எப்படிக் கூடுகிறது, அது போனபின் எப்படிப் பிழைக்கிறது என்று நீ வகுப்பில் படித்ததை மற்றவர்கள் ஐரோப்பிய உதாரணம் காட்டி எழுதுவார்கள். நீ உன் தெருவை வைத்து எழுதலாம். ஆனால் எழுதவில்லை. அதுதான் உன் அறிக்கையைப் படித்தபோது எனக்கு வருத்தம்.

அறிக்கைக்கே வருகிறேன். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு டம்பைச் சுற்றி 500 மீட்டருக்கு பஃபர் போட்டு, அதற்குள் விழும் வீடுகளை எல்லாம் தூசியால் பாதிக்கப்பட்டவை என்று எண்ணியிருக்கிறாய். மென்பொருள் நாலா பக்கமும் ஒரே அகலத்துக்குத்தான் போடும், அதற்குக் காற்று தெரியாது. ஆனி, ஆடியில் நம் ஊரில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. டம்புக்குக் கிழக்கே உன் கோட்டைத் தாண்டியும் தூசி வந்து துணியில் படியும்; மேற்கே 200 மீட்டரில் இருக்கும் வீட்டில் அந்த மாதங்களில் அவ்வளவு இராது. எந்தப் பக்கத்து ஜன்னலை எப்போது சாத்த வேண்டும் என்று உன் பாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மழை விஷயமும் அப்படித்தான். செயற்கைக்கோள் 30 மீட்டர் கட்டங்களாகத் தரும் உயரத் தரவை வைத்து ஓடைகளை வரைந்திருக்கிறாய். அந்த ஒரு கட்டத்துக்குள் லைன் வீடுகள் ஒரு வரிசையே அடங்கிவிடும், நடுவில் ஓடும் சாக்கடை எப்படித் தெரியும்? டம்பின் சரிவில் மழை அறுத்த பள்ளத்திலிருந்து சேறு எந்த வழியாக இறங்கி எந்த ஏரிக்குப் போகிறது என்பதை ஒரு மழை நாளில் குடை பிடித்து நடந்துதான் குறிக்க வேண்டும்.

இதை மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை. நம் ஊரில் இருக்கும் அப்படிப்பட்ட 13 டம்புகளையும் மறுபடி கிண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அங்கே கிடப்பது ஏறத்தாழ 3.3 கோடி டன். லாரி எந்தச் சாலையில் போகும், தூசி யார் வீட்டில் இறங்கும் என்று கேள்வி வரும்போது, காற்றையும் சரிவையும் வீட்டு வாசலையும் ஒரே தாளில் காட்டத் தெரிந்த ஆள் கம்பெனிக்கும் வேண்டும், ஊருக்கும் வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களில் நிலப் பயன்பாட்டுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. நீ முதலில் விண்ணப்பிக்க வேண்டிய இடம் அது.

பெங்களூரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வரைபட வேலை இங்கே ஏராளம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே நிலத்தரவு திரட்டலாம் என்று ஆக்கியபின் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் புதிதாகச் சேருபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிஜிட்டைசிங். செயற்கைக்கோள் படத்தின் மேல் சாலையையும் கட்டடத்தையும் நாள் முழுக்கச் சுட்டியால் கோடு இழுப்பது. சம்பளம் குறைவு, ஒப்பந்தம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ. கையில் வேகமும் பிழை கண்டுபிடிக்கும் கண்ணும் வரும் வரை அங்கே இரு. அதற்குமேல் இருந்தால் நீ கோடு போடுபவளாகவே நின்றுவிடுவாய், அந்த வேலையை இயந்திரமும் கற்றுக்கொண்டு வருகிறது. இரவில் கியூ.ஜி.ஐ.எஸ்ஸும் பைத்தானும் பழகு. இரண்டுமே இலவசம்.

அரசு வேலை வேண்டும் என்றால் தாராளமாக முயற்சி செய். இந்திய நில அளவைத் துறை, ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம், மாநிலத் தொலையுணர்வு மையம், பெங்களூரில் இருக்கும் இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் என்று கதவுகள் இருக்கின்றன. ஐ.ஏ.எஸ். தேர்வில் விருப்பப் பாடமாகவும் புவியியலைப் பலர் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கென்று மூன்று நான்கு வருஷம் அறைக்குள் அடைந்து கிடக்காதே. தேர்வு தவறினால் கையில் எந்த வேலையும் செய்து பழகியிராத ஆளாக வெளியே வருவாய். பி.எட். முடித்து ஆசிரியராகப் போவதைத் தோல்வி என்று நினைப்பதும் சரியல்ல. நம் இருவருக்கும் இந்தப் பாடத்தில் ஆசை வந்ததே ஒரு பள்ளி ஆசிரியரால்தானே.

உன்னிடம் இருந்தும் நீ விண்ணப்பத்தில் எழுதாத ஒரு தகுதி மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, பஸ் ஸ்டாண்டில் உருது என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இயல்பாக வந்துவிடுகிறது. முள்பாகலில் ஒரு விவசாயியிடம் ஏரி எப்போது நிரம்பியது என்று கேட்டுப் பதில் வாங்குவதற்குப் பெங்களூர் அலுவலகத்தில் ஆளே கிடைப்பதில்லை. அதை முதல் வரியில் போடு.

ஆடிக் காற்று ஓய்வதற்குள் ஊருக்குப் போய், பழைய பஃபரை அழித்துவிட்டு, வீடு வீடாக நடந்து அந்த வரைபடத்தைத் திருத்தி எனக்கு அனுப்பு. அதை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் உனக்காகப் பேசுகிறேன். மார்க் ஷீட்டை மட்டும் அனுப்பினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அன்புடன்,
உன் அக்கா