காற்றை அறிந்து பறக்கும் விமானம்

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்குக் காற்று ஒரு பொருட்டா என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ல வேண்டிய தொலைவு 3000 கிலோமீட்டர். எதிர்க்காற்றின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். அப்படியானால் விமானம் தரையைக் கடக்கும் வேகம் 750 தான். போய்ச் சேர 4 மணி நேரம் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. வேகம் 1050; நேரம் 2 மணி 51 நிமிடம். காற்றே இல்லையென்றால் போய்வர 6 மணி 40 நிமிடம் போதும். இப்போது ஆனதோ 6 மணி 51 நிமிடம்! போகும்போது இழந்த நேரம் முழுவதும் ஏன் திரும்பக் கிடைக்கவில்லை? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் இதைவிடக் கடுமையாகவும் வீசும். ஆகவே எந்த உயரத்தில் எப்படிக் காற்றடிக்கும் என்று தெரிந்த பிறகே எரிபொருளின் அளவை முடிவு செய்கிறார்கள். குறைத்து நிரப்பினால் ஆபத்து. மிதமிஞ்சி நிரப்பினால், அந்தச் சுமையைத் தூக்கவே எரிபொருள் செலவாகும்.

இந்த விவரங்களைக் கணித்துத் தரும் உலக மையங்கள் இரண்டு: ஒன்றின் பெயர் இலண்டன் மையம், மற்றதன் பெயர் வாஷிங்டன் மையம். இரண்டுமே உலகம் முழுவதற்கும் கணிக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் கணித்ததை விமான நிலையங்களுக்கு எப்படி அனுப்புவது? தொலைபேசிக் கம்பிகள் சரியில்லாத நாடுகள் பல இருந்தன. அதனால் 1990-களில் பிரிட்டன் 'சாடிஸ்' என்ற செயற்கைக்கோள் ஒலிபரப்பைத் தொடங்கியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் அது. கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். எனவே கிண்ண ஏரியலை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். கேட்பவர் ஒருவரானாலும் நூறு பேரானாலும் அனுப்பும் செலவு ஒன்றே. மேகங்களைப் படமெடுப்பது இதன் வேலையல்ல. இது வெறும் தபால்காரர்!

காற்றோடு எரிமலைச் சாம்பல் பற்றிய எச்சரிக்கைகளும் இதில் வந்தன. 1982 ஜூன் 24 இரவில், ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று புகுந்துவிட்டது. ரேடார் மழைத்துளியைக் காட்டும். உலர்ந்த சாம்பலைக் காட்டாது. சாம்பல் எஞ்சினுக்குள் உருகி ஒட்ட, நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. விமானம் சறுக்கியபடியே கீழிறங்கிச் சாம்பலைவிட்டு வெளியே வந்தது. ஒட்டியிருந்தது குளிர்ந்து உதிர்ந்தபின் எஞ்சின்கள் மீண்டும் ஓடின. ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.

செயற்கைக்கோள் வழி ஒலிபரப்பு 2019-இல் நிறுத்தப்பட்டது. இன்று அதே விவரங்கள் இணையத்தின் வழியே வருகின்றன.