அளவுநாடாவும் ஒளிக்கோடும்

நுழையும்முன்

கழுத்துப்பட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஆயத்த ஆடை வாங்குகிறோம். தோள் பொருந்தினால் இடுப்பு பொருந்துவதில்லை. அந்த எண் யாருடைய உடலை அளந்து எழுதப்பட்டது? ஒளியால் உடலை அளக்கும் முப்பரிமாண வருடலைப் பற்றிய இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்கள் நெடுங்காலம் ஓடின. அக்கடைகள் அண்மையில் குன்னத்தூர் சத்திரத்திற்கு இடம்பெயர்ந்தன. தையற்கலைஞர் நாடாவைத் தோளில் வைத்து, மார்பில் சுற்றி, இடுப்பில் இறக்கி, எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்வார். ஏழெட்டு எண்கள் போதும். ஒரு தோள் தாழ்ந்திருப்பதையும் முதுகு சற்றே வளைந்திருப்பதையும் அவர் கண்ணே கண்டுகொள்ளும். மதுரைக்கே உரிய சுங்குடிச் சேலைக்கு இந்த அளவுகூட வேண்டியதில்லை. உடுத்துபவரின் உடலே அதற்கு வடிவம் தந்துவிடும். முன்பின் கண்டிராத ஒருவருக்காகத் தொழிற்சாலைகள் ஆடை தைக்கத் தொடங்கிய பின்னரே அளவு ஒரு சிக்கலாயிற்று.

அளக்கப்பட்டவர் யார்?

அமெரிக்க வேளாண்மைத் துறை 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை நாடா முதலிய கருவிகளால் அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. பெரும்பணிதான். ஆயினும், 1941இல் வெளிவந்த முடிவுகளில் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் சேர்க்கப்படவில்லை. சராசரி உடல் என்பது யாரை அளந்தார்களோ அவர்களுடைய சராசரியே. இந்தியாவிலும் ஆடை நிறுவனங்கள் பல, அமெரிக்க, பிரித்தானிய அளவு அட்டவணைகளைச் சற்றே திருத்திப் பயன்படுத்தி வந்துள்ளன. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஆயத்த ஆடை வாங்குபவர் அதைப் பிரித்துத் தைக்கக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளி அளக்கும் முறை

உடலை முழு உருவமாகப் பதியும் முயற்சி புதிதன்று. பாரிசு நகரச் சிற்பி பிரான்சுவா வில்லெம் 1860ஆம் ஆண்டளவில் ஒருவரை வட்ட அறையின் நடுவே நிறுத்தி, சுற்றிலும் 24 ஒளிப்படக் கருவிகளை வைத்துப் படமெடுத்து, அவற்றைக் கொண்டு சிலை வடித்தார்.

இன்றைய வருடியில், உடலோடு ஒட்டிய ஆடை அணிந்தவர் சில நொடிகள் அசையாது நின்றால் போதும். ஒளிக்கோடுகள் அவர்மீது விழுகின்றன. மேடுபள்ளத்திற்கேற்ப அவை வளைவதை, சற்று விலகியுள்ள படக்கருவிகள் பதிகின்றன. ஒளி புறப்படும் இடத்திற்கும் படக்கருவிக்கும் உள்ள தொலைவு முன்னரே தெரியும். இருபுறக் கோணங்களும் தெரிந்தால் மூன்றாம் புள்ளியின் இடத்தைக் கணக்கிடலாம். 1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாக அளக்கத் தொடங்கியதும் இதே வடிவியலைக் கொண்டுதான். நிலத்திற்குப் பயன்பட்ட கணக்கு இங்கே தோளுக்கும் முதுகிற்கும் பயன்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் எண்ணற்ற புள்ளிகளை இணைத்துக் கணினி உடலின் உருவத்தை அமைக்கிறது.

இவ்வருடி புறப்பரப்பை மட்டுமே காணும். உள்ளுறுப்புகளைக் காட்டும் சி.டி. ஸ்கேன் வேறு வகை. எக்ஸ் கதிர் இதில் இல்லாமையால், முதுகெலும்பு வளைந்த சிறுவர்களின் முதுகை அடிக்கடி கண்காணிக்க இது உதவுகிறது. காலிழந்தவருக்குச் செயற்கைக்கால் பொருத்த, எஞ்சிய பகுதியைச் சுண்ணச்சாந்தில் வார்த்தெடுப்பதற்கு மாற்றாகவும் அமைகிறது. அங்கே சிறு அளவுப்பிழையும் தோலைப் புண்ணாக்கிவிடும்; ஆடைக்கடையில் பொறுத்துக்கொள்ளும் பிழையை அங்கே பொறுக்க இயலாது.

நம் உடலுக்கு நம் அளவு

இந்தியர்க்கென ஓர் அளவு அட்டவணையை உருவாக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) ‘இந்தியா சைஸ்’ என்னும் ஆய்வை மேற்கொண்டது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை, ஆறு மண்டலங்களைச் சேர்ந்த ஆறு நகரங்களில் முப்பரிமாண வருடியால் அளப்பது அதன் திட்டம். அவ்வாறு நகரங்களுள் மதுரை இல்லை. வைகைக் கரை வயல்களில் குனிந்து நாற்று நடும் பெண்ணின் தோளும் முதுகும் நகரத்தார் உடலிலிருந்து வேறுபடக்கூடும். அவ்வேறுபாடும் அட்டவணையில் ஏறினால்தான் ‘இந்திய அளவு’ என்ற பெயர் முழுமையாகப் பொருந்தும் எனலாம்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தையற்காரரின் துண்டுச்சீட்டு, ஆடை கைக்கு வந்ததும் கிழிபடும். வருடி பதிந்த உருவமோ கணினியில் தங்கிவிடும். அதைப் படியெடுக்கலாம், பிறருக்கு அனுப்பலாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டுமுன் உரியவரின் ஒப்புதல் பெறுவதற்கும், பின்னர் அதனை அழிக்குமாறு அவர் கோருவதற்கும் வகை செய்கிறது.